பதினொரு மணி நேரம் இருபத்து மூன்றானது

மாடம்மாள் மாத்திரைப் பட்டையைக் கத்தரித்து, வேளைவாரியாக டப்பாவின் அறைகளில் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வயதில் ஆறு மாதம் நோயாளி பராமரிப்புப் படித்தவள். இந்த இருபத்திரண்டு வருடத்தில் திருவனந்தபுரம் கரமனையில் சூடாமணி மாமியின் வீடு அவளுக்குப் பதினெட்டாவது வீடு. எந்த வீட்டிலும் மருந்து தவறியதில்லை.

மாமி மறுநாள் மத்தியானம் மெல்பர்னில் இருக்கும் மகன் கேசவிடம் தனியாகப் புறப்படுகிறாள். சர்க்கரைக்கு இரண்டு வேளை ஊசி. வெளிச் சாப்பாட்டைத் தொடமாட்டாள். "பதினொரு மணி நேரம்தானே, ஏகாதசி மாதிரி இருந்துடறேன்" என்றிருந்தாள். டாக்டரும் ஊசியின் அளவைக் குறைத்து, அரை மனதாகச் சம்மதித்திருந்தார்.

டப்பாவில் நேரம் எழுத டிக்கெட்டை எடுத்தவளுக்குச் சிங்கப்பூரில் விமானம் மாறுவது கண்ணில் பட்டது. விரல் விட்டு எண்ணினாள். உடனே கேசவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, பதினொரு மணிக்கூர்னு யாரு சொன்னா?"

"நெட்லதான் அக்கா. தூரம் எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர்னு..."

"அது காக்கா நேரா பறக்குற கணக்காக்கும். மாமி காக்காயா? ரெண்டு விமானத்துல பன்னெண்டு, சிங்கப்பூர்ல காத்துக் கெடக்க ஆறு, இங்க முன்கூட்டிப் போக மூணு, அங்க எறங்கி வெளிய வர ரெண்டு. இருபத்தி மூணு!"

"ஐயோ! கேன்சல் பண்ணிடட்டுமா?"

"பொறுங்க. நான் பேசுதேன்."

வழியில் ஏதாவது சாப்பிடச் சொன்னதற்கு மாமி மசியவில்லை. "தீர்த்தம் குடிச்சுண்டு இருந்துடுவேன்."

"இருப்பீங்க. சிங்கப்பூர்ல மயங்கி விழுந்தா, உங்க வாயில எதை ஊத்துவாங்கன்னு கேக்கவா முடியும்?"

மாமி, "தண்ணி தொடாம பால் விட்டுப் பிசைஞ்ச சப்பாத்தின்னா பிரயாணத்துல சாப்பிட தோஷமில்லை. எங்க மாமியார் காசிக்கு அதைத்தான் கட்டிண்டு போனா" என்றாள்.

"இதை முதல்லயே சொல்லப்படாதா?"

"நீ கேட்டியோ? பதினொரு மணி நேரம்னேள், சரின்னேன்."

தப்பு தன்னுடையதும்தான் என்று மாடம்மாளுக்குப் பட்டது. டிக்கெட்டைப் பார்க்காமல் டாக்டரிடம் போயிருக்கக் கூடாது. மறுபடி அவரைக் கூப்பிட்டாள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சாப்பிடலாம் என்றால் தனக்கும் நிம்மதி என்று, ஊசியின் அளவையும் நேரங்களையும் புதிதாகச் சொன்னார். மாடம்மாள் அவற்றை டப்பாவில் எழுதினாள். கேசவுக்கு ஒரே வரியில் சேதி அனுப்பினாள்: அம்மா வருகிறாள், சாப்பிட்டுக்கொண்டே வருகிறாள்.

மறுநாள் காலை மாமி குளித்துவிட்டுப் பால் விட்டு மாவு பிசைந்து பத்துச் சப்பாத்தி சுட்டாள். மாடம்மாள் சமையலறைக்கு வெளியே நின்று, இரண்டிரண்டாகப் பொதிந்து வைக்கச் சொல்லி, ஒவ்வொரு பொதியிலும் ஒட்ட நேரம் எழுதிக் கொடுத்தாள்.

"மெல்பர்ன்ல எறங்குமுன்ன தின்னு தீத்துருங்க. மிச்சம் வச்சா அங்க கஸ்டம்ஸ்ல பிடுங்கிப் போட்டாலும் போடுவாங்க."

பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மாமியின் மணிக்கட்டில் கட்டினாள். "போன் ஊருக்கு ஊரு நேரத்தை மாத்தும். இது மாத்தாது. ஊசிக்கு இதைப் பாத்தாப் போதும்."