அம்மா சிரிக்காத மூன்று வாரம்

பன்னிரண்டு வயது நிறையாதவர்கள் வார்டுக்குள் வரக் கூடாது என்பது விதி. தாம்பரத்தில் அம்மா படுத்திருந்த காசநோய் ஆஸ்பத்திரியின் வாசலில் அது பலகையாகவே தொங்கியது. எனக்கு அப்போது ஒன்பது. ஆனால் விதி ஆட்களைத்தான் தடுத்தது. காகிதத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இந்த மாதிரிச் சந்துகளைக் கண்டுபிடிக்கும் புத்திதான் பிற்பாடு அலுவலகத்தில் எனக்குச் சோறு போட்டது.

ஞாயிறுதோறும் அப்பா பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் போவார். அவர் சட்டைப் பையில் நான் எழுதிய பாட்டு ஒன்று, படத்தோடு போகும். எல்லாப் பாட்டிலும் அம்மா சொல் கேட்காத ஒரு பெண் இருப்பாள். கடைசி வரியில் யாராவது சாவார்கள்.

பல்லே தேய்க்காச் சின்னப் பெண்
பள்ளிக் கூடம் போனாளாம்;
'உள்ளேன் ஐயா' என்று சொன்னாள்,
உடனே ஐயா செத்தாராம்.

படத்தில் வாத்தியார் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கிடந்தார். மாலைகூடப் போட்டிருந்தேன்.

அந்த ஞாயிறு அப்பா சீக்கிரமே திரும்பிவிட்டார்.

"நர்சம்மா இனிமே பாட்டு வேண்டாம்னுட்டாங்க. சிரிச்சு சிரிச்சு அம்மாவுக்கு இருமல் நிக்கவே இல்ல."

"அதனால அம்மா செத்துப் போயிடுவாங்களாப்பா?"

செருப்பைக் கழற்ற அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

"போய்ப் பல்லைத் தேய்" என்றார். அப்போது சாயங்காலம் ஆறு மணி.

அன்றே ஒரு மனு எழுதினேன். 'உயர்திரு நர்ஸ் அம்மா அவர்களுக்கு, இனிமேல் சிரிப்பு வராத பாட்டாக எழுதுகிறேன். அம்மாவைச் சாக விட வேண்டாம்.' அடுத்த ஞாயிறு, முறைப்படி, அப்பா மூலமாக அனுப்பினேன். அன்றும் பதில் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. அவரிடம் கேட்கப் பயம். தினமும் இரண்டு வேளை பல் தேய்த்தேன்.

மூன்றாம் ஞாயிறு ஒரு தாள் வந்தது. வார்டிலிருந்து வருகிற எதுவும் ஒரு பகல் வெயிலில் காய வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. மறுநாள் காலை அப்பா அதைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினார். "தொடாதே. தள்ளி நின்னு படி."

காற்றில் அது திரும்பித் திரும்பி ஆடியது. ஒரு பக்கம் அம்மாவின் கையெழுத்து:

மூச்சுப் பிடித்துச் சிரிக்காமல்
மூன்று வாரம் இருந்தாளாம்;
உப்பி உப்பிப் பலூன்போல
உயரே பறந்து போனாளாம்.

மறுபக்கம் படம். பலூனாகிவிட்ட அம்மா கட்டிலோடு மேலே போகிறாள். கீழே கயிற்றை விடாமல் பிடித்திருக்கிறாள் ஒரு குட்டிப் பெண், வாயெல்லாம் பல். அடியில், 'டாக்டர் சரி என்றுவிட்டார். அடுத்ததை அனுப்பு.'

மூலையில், வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதத்திலும் போடுவதுபோல, அப்பா சிவப்பு மையில் குறித்திருந்தார்: பெற்றது, 9 பிப்ரவரி 1964.