லோகாம்பாள் அக்காவின் வெள்ளித் தட்டுகள்

கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றான் என் ஓரகத்தியின் மகன். பொறுக்கிய கத்திரிக்காயை அப்படியே போட்டுவிட்டுச் சங்கராபுரம் பஸ் ஏறினேன்.

லோகாம்பாள் அக்கா என் கணவருடைய அண்ணன் மனைவி. ஊரில் அவரைக் கஞ்சம் என்பார்கள். பிறந்த வீட்டுச் சீராக வந்த வெள்ளித் தட்டுகளை யாரையும் தொட விடமாட்டார் என்று பேச்சு. தொட விடமாட்டார் என்பது உண்மைதான்.

நான் புது மருமகளாக வந்த சமயம், அந்தத் தட்டுகளைப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தேன். ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார்.

"புளி, சாம்பலு எதுவும் ஆவாதும்மா. இது பித்தள மேல வெள்ளி முலாம். எங்கப்பா வெள்ளின்னு நம்பித்தான் வாங்கியாந்தாரு. கடைக்காரன் ஏமாத்திட்டான். அவருக்குத் தெரிஞ்சா ஒடஞ்சி பூடுவாரு. யாருகிட்டயும் சொல்லாத."

அவருடைய அப்பா வெள்ளிமலை அடிவாரத்தில் சாமை விதைத்துப் பிழைத்தவர். மகளுக்கு வெள்ளி கொடுத்த பெருமையைச் சொல்லாமல் ஒரு பேச்சை முடிக்கமாட்டார்.

அக்கா வெதுவெதுப்பான நீரில் பூந்திக்கொட்டை நுரை எடுத்து, விரலால் மட்டும் கழுவுவார். ஈரம் நிற்காமல் பழைய வேட்டித் துணியால் ஒற்றி, தனித்தனியாகச் சுற்றி வைப்பார். புளிக்குழம்பு ஊற்றினால் உடனே கழுவியாக வேண்டும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத்தான் இருக்கும்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் ஒருநாள், சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டெதிரே பஸ்கள் நின்றுவிட்டன. அக்கா கழனிக்குப் போயிருந்தார். எங்கள் மாமியார் உலை வைத்து, பஸ்ஸில் வந்தவர்களுக்குச் சோறு போட்டார். தட்டு போதாமல் வெள்ளித் தட்டுகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். சாப்பிட்ட பெண்கள் நன்றியோடு, புளியும் தேங்காய் நாருமாக அழுந்தத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்த அக்கா பார்த்தபோது முலாம் போய், விளிம்பெல்லாம் பித்தளை மஞ்சள்.

அந்த நேரம் பார்த்து அவருடைய அப்பா வந்து நின்றார். கலவரம் என்று கேள்விப்பட்டு, மகளைப் பார்க்க அடிவாரத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். "என் தட்டுல சோறு போடும்மா" என்று உட்கார்ந்தார். அக்கா தட்டின் மேல் வாழையிலையை விரித்தார்.

"இலை இன்னாத்துக்கும்மா? வெள்ளியில துன்னத்தானே குடுத்தேன்?"

மாமியார் வந்தார். இலைக்கு வெளியே தெரிந்த மஞ்சளையும் மருமகளின் முகத்தையும் பார்த்தார். பொல்லாத வாய் அவருக்கு. எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"இங்க சம்பந்திக்கு எல போட்டுத்தாண்ணே சோறு. எங்கூட்டு வழக்கத்த மாத்தாதீங்க" என்று சொல்லி, இலையை விளிம்பு வரை இழுத்துவிட்டார்.

அப்படி ஒரு வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. அன்றிலிருந்து இருந்தது. "என் பொண்ணு வூட்ல வெள்ளிக்கு மேல எல போட்டு மரியாத பண்றாங்க" என்று அந்த மனிதர் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தச் சந்தோஷத்தோடுதான் போய்ச் சேர்ந்தார்.

அவருக்குக் காரியம் முடிந்து வந்த அன்று, அக்கா தட்டுகளையெல்லாம் துணி பிரித்து என் முன்னால் வைத்தார். "இனிமே எப்டி வேணா தேச்சிக்கோம்மா" என்றவர், குலுங்கிக் குலுங்கி அழுதார். கஞ்சம் என்ற பேரை மட்டும் கடைசிவரை அவர் மறுக்கவே இல்லை. கேட்டு வருத்தப்பட இனி யாரும் இல்லை என்பதால் நான் இதை எழுதுகிறேன்.

போய் வாருங்கள் அக்கா. அங்கே உங்கள் அப்பா கேட்டால், வெள்ளி என்றே சொல்லுங்கள்.