காற்றை மூடவிடாத ஃபிட்டர்

1. பாறை வெடித்த காலை

என்னைக் கடவுள் காப்பாற்றினார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். காப்பாற்றியவன் யேசுதாஸ் என்ற பைப் ஃபிட்டர். இன்று மைனில் இறங்கும் பிள்ளைகளுக்கு அது தெரியவேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் அப்போது டிரில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை ஷிப்ட். என் கூட்டாளி கூர் தீட்டிய கம்பி எடுத்துவர மேலே ஏறி இறங்கும் ஷாஃப்ட் குழி பக்கம் போயிருந்தான். லெவல் என்கிற அந்தச் சுரங்கப் பாதையின் கோடியில் நான் மட்டும் இருந்தேன். அப்போது ஏர் பிளாஸ்ட் வந்தது. மருந்து வைக்காமலே பாறை தன் அழுத்தம் தாங்காமல் வெடிப்பதற்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். தொப்பியில் களிமண்ணால் ஒட்டியிருந்த மெழுகுவத்தி அணைந்தது. விழுந்த கல் லெவலை அடைத்துவிட்டது. என் ஒரு கால் கல்லுக்கு அடியில்.

மெஷினுக்குக் காற்று கொண்டுவரும் இரும்பு பைப் என் முகத்துக்குப் பக்கத்தில் உடைந்து பிளந்திருந்தது. அதிலிருந்து எண்ணெய் வாசனையோடு சில்லென்று காற்று வந்தது. வாயை அங்கே வைத்துக்கொண்டேன்.

எங்கள் மைனில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே மாட்டியவன் பைப்பில் தட்டவேண்டும். வெளியே இருப்பவர்கள் பைப்பில் காது வைத்துக் கேட்பார்கள். சத்தம் வந்தால் உடனே தோண்டுவார்கள். வராவிட்டால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். காற்றை மூடிவிட்டு, பொணத்தைச் சாவகாசமாக எடுப்பார்கள்.

என் கைக்கு எட்டும் தூரத்தில் சுத்தியல் கிடந்தது. நான் தட்டவில்லை. தட்டவேண்டும் என்றே தோன்றவில்லை. கை வேறு யாருடையதோ போல் கிடந்தது. இருட்டு மெல்ல மெல்லத் தண்ணீராக மாறியது. அகலமான, அசையாத தண்ணீர். அக்கரையில் என் பெண்சாதி ஈரப் புடவையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சை இழுத்தால் புடவை உப்பியது, விட்டால் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. வலி இல்லை, பயம் இல்லை. சாவு இவ்வளவு இதமாக வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

2. வால்வின் மேல் உட்கார்ந்தவன்

வெளியே நடந்ததை யேசுதாஸே பிறகு சொன்னான். உடைந்த பைப்பில் காற்று வீணாகப் போனதால் மற்ற மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. சுரங்க வேலையை மேற்பார்க்கும் வெள்ளைக்காரர் கேப்டன் துரை வந்து பைப்பில் காது வைத்தார்.

"சத்தம் இல்லே. ஆள் செத்துப் போச்சு. ஏர் மூடு."

யேசுதாஸ் தானும் காது வைத்துப் பார்த்தான்.

"கேக்குது தொர. தட்றான்."

"எனக்குக் கேக்கலே."

"காத்து இரையற சத்தத்துல உங்களுக்குக் கேக்காது. எனக்குப் பைப்புதானே பொழப்பு."

துரை திட்டினார். இவன் வால்வின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். "மூடணும்னா என்னத் தூக்கிப் போட்டுட்டு மூடுங்க." ஒருவரும் அவனைத் தொடவில்லை. தோண்டத் தொடங்கினார்கள். மறு ஷிப்ட் முடிவதற்குள் என்னை வெளியே இழுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்தான். அதுவரை அவனும் நானும் பேசியதே இல்லை.

"நான் தட்டவே இல்லியே. உனக்கு இன்னா கேட்டுச்சி?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கல."

"அப்போ?"

"பொய்தான். செத்தவனுக்குக் காத்து விட்டா இன்னாய்யா நஷ்டம்?"

3. அதற்குப் பிறகு

கால் சற்றே வளைந்து கூடியது. திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறினால், "பொணம் வருது, வழி வுடுங்கடா" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாம் கனவு மாதிரியே இருந்தது. விடிகாலையில், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டின் மேல் பனி இறங்கும்போது, மேடு எது வானம் எது என்று தெரியாது. நான் நடு ரோட்டில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விடுவேன்.

"இன்னா, பைத்தியம் புடிச்சிக்கிச்சா? களி ஆறிப் போவுது" என்பாள் பெண்சாதி. அவள் குரல் கேட்கிறதே என்று இருக்கும்.

புண்ணியம் செய்தவன் நீ, கோயில் கட்டு, ஜெபம் பண்ணு என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நான் மெஷினை விட்டுவிட்டு யேசுதாஸிடம் போய் ஃபிட்டர் வேலை கற்றுக்கொண்டேன். சம்பளம் குறைவு. அதனால் என்ன? வால்வு பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

சில வருடம் கழித்து மறுபடியும் ஏர் பிளாஸ்ட். உள்ளே ஒரு ஆள். பைப்பில் காது வைத்தேன். காற்று இரைவதைத் தவிர வேறொன்றும் இல்லை. வேறொரு துரை மூடச் சொன்னார்.

"கேக்குது தொர" என்றேன்.

தோண்டினார்கள். ஆள் செத்துக் கிடந்தான். பாறை விழுந்தபோதே உயிர் போயிருந்தது. துரை என்னைப் பொய்யன் என்றார். ஆமாம் என்றேன். அந்த லெவலை விட்டு என்னைத் தூக்கி, தண்ணீர் இறைக்கும் பம்பில் போட்டார்கள்.

செத்தவனின் பெண்சாதி என்னைத் தேடி நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அவரு உள்ள தட்டினாராமே. நீங்க கேட்டீங்களாமே. ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாராண்ணா?"

பொய் சொன்னது துரைக்கு. இவளுக்கு அல்ல.

"இல்லம்மா. தட்டல. கல்லு வுழுந்தப்பவே போயிட்டாரு. நான் சும்மா சொன்னேன்."

"தட்டாத ஆளுக்கா அத்தினி பேரு தோண்டினீங்க?"

"ஆமாம்மா."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அழவில்லை என்று அவளுடன் வந்தவர்கள் சொன்னார்கள். அன்று அழுதாள். என் பெண்சாதி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பிள்ளைகளே, வேலையில் பல சட்டம் படிப்பீர்கள். நான் படித்தது ஒன்றே ஒன்று. உள்ளே இருப்பவன் உயிரோடிருப்பதை அவன் வந்து நிரூபிக்க வேண்டியதில்லை. செத்துப்போனான் என்று கண்ணால் பார்க்கும் வரை அவனுக்குக் காற்று விடு. யார் திட்டினாலும் விடு.