அமாவாசை பஸ்ஸில் கால்குலஸ்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது செஞ்சியில் குடியிருந்தோம். மேல்மலையனூர் போகும் வழியில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை. முப்பத்தைந்து வயதுக்கு மேல், கணக்கு டீச்சராக வேண்டும் என்ற ஆசையில், அஞ்சல் வழியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்திருந்தேன்.

மற்ற பேப்பர்கள் எப்படியோ தேறிவிட்டன. கால்குலஸ் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. மகனுக்கும் அந்த வருடம்தான் பத்தாவது. “அம்மாவும் புள்ளையும் ஜோடியா பெயிலாவப் போறாங்க” என்று என் நாத்தனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறையும் போனால் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

எனக்குத் தெரிந்த படிப்பு மனப்பாடம் ஒன்றுதான். சரித்திரப் பாடம் போலக் கணக்கையும் வரி விடாமல் நெட்டுருப் போடுவேன். வீட்டில் நேரம் ஏது? பஸ்தான் என் காலேஜ்.

அன்று அமாவாசை. தலைக்குக் குளித்த ஈரம் காயாமல், கூந்தலை முடியாமல், மஞ்சள் புடவையில் பஸ் ஏறினேன். உள்ளே முழுக்க அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம். தூக்கிய கையை இறக்க இடமில்லை, புத்தகத்தை எங்கே பிரிப்பது? கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, “லிமிட் எச் டெண்ட்ஸ் டு ஜீரோ” என்று ஆரம்பித்தேன். ரோடு குண்டும் குழியுமாக இருந்ததால் உடம்பு தானாக ஆடியது. நடுவில் ஒரு வரி மறந்துபோகவே, திரும்பத் திரும்ப முதலிலிருந்து, கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன்.

நெற்றியில் எதுவோ அழுந்தியது. கண்ணைத் திறந்தால் குங்குமம். அந்த நெரிசலிலும் என்னைச் சுற்றி ஒரு முழம் இடம் விட்டு, எல்லாரும் கைகூப்பி நிற்கிறார்கள். டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குங்குமம் வைத்த அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். மெதுவாகக் கேட்டார், “ஆத்தா, எம் பொண்ணுக்கு இந்தத் தையிலயாச்சும் அமைஞ்சிடுமா?”

“ஐயோ, நான் டீச்சர்மா. பரீட்சைக்குக் கணக்கு சொல்லிப் பாத்துக்கினு வரேன்” என்றேன்.

“கணக்கா? அப்ப நீ சொன்னதுக்கு இன்னா அர்த்தம்?”

“எனக்கே தெரியாதும்மா” என்றேன்.

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துத் தீர்ப்பு சொன்னார்: “அர்த்தம் தெரியாத பேச்சு தானா வருதுன்னா, அது ஆத்தாதான்.”

மறுபடியும் எல்லாரும் கும்பிட்டார்கள்.

என் பள்ளிக்கூடம் இருக்கும் ஊர் வந்ததும் வழி விட்டார்கள். அந்த ரூட்டில் அத்தனை மரியாதையாக நான் இறங்கியதே இல்லை. படியில் நின்று திரும்பினேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும், ஒன்றும் சொல்லாமல் இறங்க மனசு கேட்கவில்லை. “நல்லபடியா அமையும்மா” என்றேன். நான் சொன்னது வாழ்த்து. அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ.

அன்று பள்ளியில் நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு வருடமாக ஓதுகிறேன், அர்த்தம் தெரியாது.

சாயங்காலம், நெல் மண்டி வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரரை உட்காரவைத்தேன். “ஓடுற பஸ்ஸு இந்த நொடியில என்ன வேகத்துல போவுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“டிரைவரக் கேப்பேன்.”

அங்கிருந்து தொடங்கினோம். தினமும் ஒரு கணக்கை அவருக்குப் புரிகிற தமிழில் சொல்வேன். நான் திணறினால் விட்டுவிடுவேன் என்று நினைத்து, தப்பிப்பதற்காகவே அவர் “ஏன்?” என்பார். பதில் வராத இடத்தில் புத்தகத்துக்குத் திரும்புவேன். பாதியில் அவர் குறட்டை விட்டாலும் நான் நிறுத்தியதில்லை.

பரீட்சையில் வழக்கம்போல ஒரு சூத்திரம் மறந்துபோனது. முன்பெல்லாம் அதோடு கதை முடிந்துவிடும். இந்த முறை அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்ததால், ஓரத்தில் எழுதிப் பார்த்து வரவழைத்துவிட்டேன். நல்ல மார்க்கிலேயே தேறினேன். மகனும் தேறினான். நாத்தனார் அந்த வருடம் எங்களைப் பற்றி யாரிடமும் எதுவும் பேசவில்லை.

பிறகு கணக்கு டீச்சராகிப் பல வருடம் பாடம் நடத்திவிட்டேன். ஆனாலும் எதைப் படித்தாலும் பக்கத்தில் இருப்பவருக்கு அதை விளக்கிச் சொல்ல வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். வராவிட்டால், எனக்கு இன்னும் புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள அன்றிலிருந்து நான் கூச்சப்படுவதே இல்லை.