கீல் என்று கேட்டேன்

பவானிபூரில் நாங்கள் குடியிருந்த மாடி அறையின் கதவு ஒரு மார்கழியில் சரிந்தது. இரட்டைக் கதவு அது. வலது பக்கம் ஒழுங்காக நின்றது. இடது பக்கத்தின் மேல் கீல் அறுந்து, குடித்துவிட்டு வந்தவன் மாதிரித் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்குச் சந்து. வேறு வீட்டில் என்றால் இது ஒரு சமாசாரமே இல்லை. எங்கள் வீட்டில் அது உயிர் போகிற விஷயம்.

மிகைப்படுத்தவில்லை. எங்கள் மூத்த பிள்ளையை, நாங்கள் கல்கத்தாவுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே மார்ச்சளிக்குப் பறிகொடுத்தோம். பதினோரு மாதம் அவனுக்கு. அதற்கப்புறம் பிறந்த பெண்ணுக்கு இப்போது மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அந்த மார்கழியில் நெஞ்சு கட்டிக்கொண்டு கீச்சுகீச்சென்று இழுத்தது. டாக்டர், "குளிர் காற்று மட்டும் படவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் அன்றிலிருந்து கதவுச் சந்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மாளை நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுவோம். வங்காளத்தில் பெரியம்மா, சித்தி முறை அது. நல்ல மனுஷி. எங்கள் பெண் பகலெல்லாம் அவளிடம்தான் இருப்பாள். ஆனால் அவளுடைய தச்சு மேஸ்திரி அறுப்புக்காக ஊருக்குப் போயிருந்தான். சங்கராந்தி கழித்துத்தான் வருவானாம். மூன்று வாரம்! மூன்று வாரம் அந்தச் சந்து வழியாகக் காற்று வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நானே செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். அதுவரை என் கையால் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. மர்ச்சென்ட் ஆபீசில் கடிதம் நகல் எடுக்கிற கை அது.

"ஏன்னா, தெரியாத வேலையிலே கையை வைக்காதேங்கோ. அவன் வரட்டுமே" என்றாள் என் மனைவி.

"அவன் வரதுக்குள்ளே குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பதில் சொல்வியா?" என்று பாய்ந்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டு அவள் வாயை நான் எத்தனை தடவை மூடியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைத்தெருவுக்குப் போனேன். இங்கே என் வங்காளிப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசில் இருந்த தமிழர்களுக்கெல்லாம் ஒரு சூத்திரம் உண்டு. தமிழில் புழங்கும் வார்த்தை ஒன்றை எடுத்து, வாலை நறுக்கி, வாயைக் கொஞ்சம் குவித்துச் சொன்னால் அது வங்காளி ஆகிவிடும். ஜலம் என்றால் ஜொல். மனம் என்றால் மொன். பத்துக்கு நாலு தடவை பலித்தது. மீதி ஆறை யாரும் வெளியே சொல்வதில்லை. கீல் என்பதில் நறுக்கவும் ஒன்றுமில்லை, குவிக்கவும் ஒன்றுமில்லை. அப்படியே கேட்டேன்.

"கீல்."

இரும்புக் கடைக்காரன் தயங்கவே இல்லை. எவ்வளவு பெரிசு என்று கையால் கேட்டான். எனக்கு ஒரே பெருமை. ஒரு சாண் என்று காட்டினேன். அவன் உள்ளே போய், ஒரு சாண் நீளத்தில் கனமான இரும்புப் பட்டை ஒன்றையும், ஒரு கொக்கியையும், நாலு திருகாணியையும் கொண்டுவந்து காகிதத்தில் சுற்றினான். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, அது கீல் இல்லை, தாழ்ப்பாள் என்று. ஒரு கதவில் பட்டையைத் தொங்கவிட்டு, மறு கதவில் இருக்கும் கொக்கியில் விழும்படி செய்கிற ஜாதி. வங்காளியில் தாழ்ப்பாளுக்குத்தான் கீல் என்று பெயராம்! நம்முடைய கீலுக்கு அவர்கள் என்ன சொல்வார்களோ, பகவானுக்கே வெளிச்சம். பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால், நான் கேட்டது இது இல்லை என்று சொல்ல எனக்கு வார்த்தையும் இல்லை, தைரியமும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

"கீல் வாங்கப் போய்ட்டு இது என்னன்னா?"

"இதுவும் வேணும்னுதான் வாங்கினேன். இந்த அறைக்குத் தாழ்ப்பாளே இல்லையே, நீ கவனிச்சியோ?"

"இத்தனை நாளும் தாழ்ப்பாள் இல்லாமத்தானே இருந்தோம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் குமுட்டி அடுப்பை விசிறப் போனாள்.

கீலுக்கு வேறு வழி செய்தேன். என் பழைய டிரங்குப் பெட்டியின் தோல் வாரை அறுத்து, இரண்டாக மடித்து, நிலைக்கும் கதவுக்குமாகச் சேர்த்து ஆணி அடித்தேன். கட்டை விரலிலும் இரண்டு அடி விழுந்தது. கதவு நிமிர்ந்தது. உண்மையாகவே நிமிர்ந்தது! எனக்கு வெறி பிடித்துவிட்டது. இரண்டு கதவுக்கும் நடுவில் இருந்த சந்தை மறைத்து, வலது கதவின் வெளிப்புறம் ஒரு மரச் சட்டம் அடித்தேன். கதவின் அடியில் கோணித் துண்டு. ஜன்னலின் மரப் பலகைகளுக்கு இடையில் காற்று வரும் என்று, கஞ்சிப் பசை காய்ச்சி, ஆபீசிலிருந்து கொண்டுவந்த பழைய இங்கிலீஷ் பேப்பரை மூன்று மடிப்பாக ஒட்டினேன். கடைசியாகத் தாழ்ப்பாள். கதவின் மேல் பாதியைக் கரையான் அரித்திருந்ததால் அங்கே திருகாணி பிடிக்கவில்லை. என் இடுப்புக்கும் கீழே, நல்ல மரம் இருந்த இடத்தில் பொருத்தினேன். சாயங்காலம் விளக்கை ஏற்றிக் கதவருகே பிடித்துப் பார்த்தேன். சுடர் அசையவில்லை. அன்றைக்குத்தான் பல நாளுக்கு அப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நிம்மதி மூன்று நாள் தாங்கியது. தோல் இழுவை கொடுத்து, இடது கதவு மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்க ஆரம்பித்தது. தாழ்ப்பாளைப் போட்டால் கொக்கிக்குள் பட்டை இறுகிக்கொண்டது. இடது கதவைக் காலால் சற்றுத் தூக்கிக் கொடுத்தால்தான் பட்டை எழும்பும். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சூட்சுமம் பழகிவிட்டது. குழந்தைக்கு அது விளையாட்டுச் சாமான். கதவு திறந்திருக்கும்போது பட்டையைத் தூக்கித் தூக்கி டக்கென்று விடுவாள். சரியாக அவள் கைக்கு எட்டும் உயரம்.

"தொடாதே!" என்று கத்துவேன். விரல் நசுங்கினால்? "கதவைச் சாத்து!" என்று கத்துவேன். காற்று வந்தால்? பாவம், அந்த வாரம் முழுவதும் என் வாயிலிருந்து அவளுக்கு வேறெதுவும் கிடைத்ததாக ஞாபகம் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காலையில் குழந்தையின் துணிகளைச் சூடுகாட்ட, கரி போட்ட குமுட்டியை என் மனைவி பத்து நிமிஷம் அறைக்குள் வைப்பாள். வைத்தால் கதவு இரண்டும் அகலத் திறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். பக்கத்துத் தெருவில் ஒரு காவல்காரன் கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்போடு படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் போட்ட சட்டம். அந்த விஷயத்தில் மட்டும் எனக்குக் காற்று வேண்டியிருந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை. ஆபீசுக்குக் கிளம்புமுன் கீழே முற்றத்துக் குழாயில் குளித்துக்கொண்டிருந்தேன். குமுட்டி அறையில் இருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் என் மனைவி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். போன இடத்தில் கொடிக்கயிறு அறுந்திருக்கிறது. கட்டிவிட்டு வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அவள் போட்ட கூச்சல் எனக்குக் கீழே கேட்டது.

"ஏன்னா! உள்ளே தாப்பாள் போட்டுண்டுட்டாள்!"

ஈரத்தோடு மாடிப்படி ஏறினேன். குழந்தை விழித்திருக்கிறாள். அம்மாவைக் காணோம், கதவு திறந்திருக்கிறது. அப்பா சொல்லிச் சொல்லிக் காதில் ஏறியிருந்தபடி சமர்த்தாகக் கதவைச் சாத்தி, பட்டையையும் போட்டுவிட்டாள். உள்ளே குமுட்டி. ஜன்னலில் மூன்று மடிப்புப் பேப்பர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது எமனை.

"கண்ணு, தாப்பாளைத் தூக்கு! தூக்கும்மா!" என்று இவள் அழுதாள்.

"தாழ்ப்பாளைத் தூக்கு! தூக்குடீ! தூக்குன்னா தூக்கு!" என்று நான் கதவைக் குத்தினேன். என் குரல் எனக்கே பயங்கரமாக இருந்தது. உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது, அப்புறம் இருமல். பிறகு அந்தச் சத்தம் கதவை விட்டு விலகி அறையின் மூலைக்குப் போனது. அங்கே தேய்ந்து நின்றுவிட்டது.

நடுச்சட்டத்தைப் பெயர்த்தால் கத்தியை விட்டுப் பட்டையை நெம்பலாம். ஆனால் சுத்தியல் அறைக்குள் இருந்தது. நகத்தால் பிறாண்டினேன். என் ஜன்மத்தில் நான் உறுதியாக அடித்த ஆணிகள் அவை மட்டும்தான், ஒன்றுகூட அசையவில்லை. தோளால் மோதினேன். அந்தக் காலத்துத் தேக்கு, என்னைத் திருப்பித் தள்ளியது. "உசிரோட இருக்காளான்னு கேளுங்கோ, கேளுங்கோ" என்று என் மனைவி என் கையைப் பிடித்து உலுக்கினாள். கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது?

சத்தம் கேட்டு மாஷிமா மூச்சு வாங்க ஏறி வந்தாள். கையில் நிலக்கரி உடைக்கும் இரும்புத் தடி. அதை வாங்கிக் கோணித் துண்டைக் கிழித்து, இடது கதவின் அடியில் கொடுத்து நெம்பினேன். கதவு எழும்பியது. இனிமேல் உள்ளேயிருந்து பட்டையைத் தூக்கினால் போதும். அதற்கு ஆள் வேண்டும்.

"கீ லாகியேச்சோ?" என்றாள் மாஷிமா. உள்ளே என்ன மாட்டியிருக்கிறாய் என்று கேட்கிறாள். தாழ்ப்பாள், தாழ்ப்பாள் என்று கத்தினேன். அவளுக்குப் புரியவில்லை. சட்டென்று கடைக்காரன் முகம் ஞாபகம் வந்தது.

"கீல்! மாஷிமா, கீல்!"

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. என்னையும் என் மனைவியையும் பார்த்து, பேசாதீர்கள் என்று உதட்டில் விரலை வைத்தாள். கதவோடு வாயை வைத்து, சோறு ஊட்டக் கூப்பிடுகிற மாதிரி நிதானமாக, "குக்கு, ஓ குக்கு, கீல்டா தோல் தோ மா" என்றாள். பாப்பா, அந்தத் தாழ்ப்பாளைத் தூக்கம்மா. அவ்வளவுதான் சொன்னாள். பட்டை அசையவில்லை. மறுபடியும் அதே நிதானத்தில் சொன்னாள். நான் தடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடி தளர்ந்தால் கதவு இறங்கிவிடும். உள்ளே எதுவோ தவழ்ந்து வரும் சத்தம். பட்டை டக்கென்று எழும்பியது.

கதவைத் தள்ளினேன். கரி நெடி முகத்தில் அடித்தது. குழந்தை வாசற்படிக்குள் முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்து, கண் சொருகியிருந்தது. இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு தள்ளாடிப் போய் மாஷிமாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாஷிமா அவளைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக் காற்றுக்கு ஓடினாள். என் மனைவி பின்னாலேயே ஓடினாள். நான் குமுட்டியை வெளியே எறிந்துவிட்டு, ஜன்னலில் ஒட்டியிருந்த பேப்பரை நகத்தாலேயே கிழித்துப் போட்டேன்.

மொட்டைமாடிக்குப் போனபோது குழந்தை ஒரு தடவை வாந்தி எடுத்து முடித்திருந்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. மார்கழிக் காற்று அவள் மேல் நேராக வீசியது. நான் வாய் திறக்கவில்லை.

"தாப்பாள்னு அவளுக்கு எப்படித் தெரியும்? நம்மாத்திலேதான் போன வாரம் வரைக்கும் தாப்பாளே கிடையாதே. அந்த வார்த்தையை அவ கேட்டதே இல்லை" என்று என் மனைவி விசும்பினாள். ஆமாம், அதுதான் காரணம் என்று நானும் பிடித்துக்கொண்டேன். நாள் முழுக்கக் கீழே மாஷிமாவோடு இருக்கிற குழந்தை. வங்காளியில் சொன்னால்தான் புரிகிறது. யார் மேலும் குற்றம் இல்லை. அப்படி நினைக்கச் சற்று ஆறுதலாக இருந்தது.

அப்போது குழந்தை மாஷிமாவின் காதில் ஏதோ ரகசியம் சொன்னாள். மாஷிமா என்னைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை. "என்ன சொல்றாள்?" என்று கேட்டேன். மாஷிமா அவள் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

"பாபா பொக்பே."

இதற்குச் சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. அப்பா திட்டுவார். தொடாதே என்றதைத் தொட்டுவிட்டாள். அப்பா வெளியே நின்று கத்திக்கொண்டிருக்கிறார். அதனால் மூலைக்குப் போய் ஒளிந்துகொண்டாள். குமுட்டியும் அந்த மூலையில்தான் இருந்தது.

நான் திட்டவில்லை, பயத்தில் கத்தினேன் என்று மாஷிமாவிடம் சொல்லப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு வங்காளி வரவில்லை. குழந்தையிடம் தமிழில் சொல்லலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அங்கேயே ஈர வேஷ்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று நான் ஆபீசுக்குப் போகவில்லை. அவள் என்னிடம் வருவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது.