நானாவின் சாவிக்கொத்து

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனிதன் என்ன செய்வான்? தூங்குவான். நானோ கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், ஒரு கேட்டரிங் கடையின் சர்வர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

கடை முதலாளி எனக்கு வேண்டியவர். அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவேன். ஆர்டர்கள் எல்லாம் அந்த சர்வரின் டேட்டாபேஸில். யாரோ ஒரு புண்ணியவான் அதை ‘ரூட்’ பெயரில் ஓடவிட்டுப் போயிருந்தார். ரூட் என்றால் கம்ப்யூட்டரில் சகல அதிகாரமும் உள்ள ஆள். திருடன் அந்த வழியாக நுழைந்தால் மொத்தமும் அவன் கையில். பக்கத்துக் கடையில் அப்படி நுழைந்துவிட்டார்களாம். நானா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார்.

அதிகாரம் குறைந்த ஒரு தனி யூசரை உருவாக்கி, அந்தப் பெயரில் ஓடவிட்டேன். ஓடவில்லை. அனுமதி இல்லையாம். ஃபைல்கள் எல்லாம் இன்னும் ரூட் பெயரில் இருந்தால் எப்படி ஓடும்?

மத்தியானம் பாயான் லெப்பாஸில் கல்யாண விருந்து. எந்த மண்டபம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு... எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. லோரி வாசலில் நிற்கிறது.

“தம்பி, எல்லாத்தையும் எல்லாருக்கும் தொறந்து விட்டுடு லா,” என்றார் நானா.

அலுப்பில் அதையும் செய்தேன். மறுபடியும் மறுத்தது. அதன் ரகசிய ஃபைலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால் அது ஓடாதாம். பூட்டினாலும் குற்றம், திறந்தாலும் குற்றம் — வீட்டில் பார்க்காததா?

இதற்கிடையே சமையல்கட்டிலிருந்து கனி அக்கா வந்து வந்து நின்றார். “நானா, ஐஸ் ரூம் தொறக்கணும்.” சாவிக்கொத்து நானாவின் பச்சை பெல்ட்டில். மசாலா ஸ்டோர் முதல் கல்லாப்பெட்டி வரை எல்லாம் அதில்தான். ஒவ்வொரு முறையும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

கடைசியில் டேட்டாபேஸுக்கு வேண்டிய ஃபைல்களை மட்டும் அந்த யூசர் பெயருக்கு மாற்றி, மற்றவர்களுக்கு அடைத்தேன். ஓடியது. ஆர்டர் திரையில் வந்தது. அப்படியே சாய்ந்து உட்கார்ந்தேன்.

“என்னப்பா செஞ்ச?”

“அவன் வேலைக்கு வேண்டியத மட்டும் அவன்கிட்ட குடுத்துட்டேன் நானா. மத்ததெல்லாம் பூட்டுதான்.”

கனி அக்கா மறுபடியும் வந்து நின்றார். நானா கொத்திலிருந்து ஐஸ் ரூம் சாவியைக் கழற்றி, “இந்தா கனி, நீயே வச்சுக்க,” என்றார். எனக்கே மனசு நிறைந்துவிட்டது.

லோரி கிளம்பியது. நானும் கிளம்பினேன். வாசலைத் தாண்டவில்லை — உள்ளேயிருந்து நானாவின் குரல் கேட்டது.

“கனி... அந்தச் சாவியக் கொண்டா, இங்கயே இருக்கட்டும்.”