முந்திச் சொன்ன ஸ்தோத்திரம்

கண்ணை இறுக மூடிக்கொண்டால் சூடான சோற்றின் வாசனையும் நெத்திலிச் சம்பலின் காரமும் மூக்கில் இரண்டு மடங்காக ஏறும். மலாக்கா காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வளர்ந்த எனக்கு, பக்தி என்றதும் இன்றைக்கும் முதலில் வருவது அந்த வாசனைதான். எங்கள் அப்பா சோற்றைத் தட்டில் போட்ட பிறகுதான் ஜெபத்தைத் தொடங்குவார், தொடங்கினால் அவ்வளவு சீக்கிரத்தில் முடிக்கவும் மாட்டார்.

சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்குக் கர்த்தர் செய்த ஏதாவது ஒன்றுக்கு நன்றி. முழுச் சொல்லும் எனக்கும் தம்பி செல்வத்துக்கும் வாயில் நுழையாது, "சோத்திரம்" என்போம். கடைசியில் வீட்டில் எல்லாருக்கும் அதுவே பெயராகிவிட்டது. நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். நானா மாட்டிக்கொள்வேன்? குழம்பு தினமும் மாறும் என்பதால் குழம்பையே பிடித்துக்கொண்டேன். "மீன் குழம்புக்காகச் சோத்திரம்" என்று சொன்னால் போதும், அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றுவாள். செல்வம் சும்மா இருப்பானா, "கத்திரிக்காய்க்காக" என்பான், அவனுக்கும் விழும். நன்றி சொன்னால் அதே சரக்கு இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்பதுதான் நான் கற்ற முதல் வேதபாடம். பிற்பாடு அதுவே என்னைப் படாத பாடு படுத்தியது.

அப்பா ஆற்றோரத்து ரப்பர் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கிளார்க். கடுமையான மனிதர் இல்லை, எங்களை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை, ஆனால் பிடித்தால் பிடித்த பிடிதான். நல்லதுக்குச் சொல்வதைப் போலவே கெட்டதுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்பார். "நல்லதுக்கு மட்டும் சொல்றது, கடைக்காரன்கிட்ட சாமான் வாங்கிட்டுச் சொல்ற மாதிரி. பெத்தவருகிட்ட அப்படியா பேசுவ?" என்று கேட்பார். எனக்கும் செல்வத்துக்கும் நடுவில் இரண்டு குழந்தைகள் பிறந்து தங்காமல் போயிருந்தன. முதல் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே அப்பா வீட்டு நடுவில் நின்று ஸ்தோத்திரம் சொன்னாராம், அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். இதை அப்பாவின் தங்கையான எங்கள் அத்தை பெருமையாகத்தான் சொன்னார். எனக்கோ, அதற்குப் பிறகு இரண்டாவது பிள்ளையும் போனது மட்டும் மனதில் தைத்துக்கொண்டது.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வருகிறது, வருகிறது என்று ஊரே அதே பேச்சாக இருந்த வருஷத்தில் அம்மா மறுபடி உண்டாகியிருந்தாள். பண்டார் ஹிலிர் பக்கம் கடைகளில் கொடித்துணி தைத்துக்கொண்டிருந்தார்கள்; எங்கள் வீட்டுக்கோ ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டிருந்தது. புயல்மழையில் கூரைத் தகரம் பிய்ந்துகொண்டு போனது. அப்பா அதற்கு ஸ்தோத்திரம் சொன்னார், சைக்கிள் திருடு போனது. சைக்கிளுக்குச் சொன்னார், செல்வம் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். கட்டுப் போட்ட கையோடு அவனையும் அதற்கு நன்றி சொல்ல வைத்தபோது பாவம் பிள்ளை விக்கி விக்கி அழுதுகொண்டே சொன்னான். கரண்டிக் கணக்கு எனக்குத் தெரியாதா? நன்றி சொன்னதையெல்லாம் கர்த்தர் இன்னும் கொஞ்சம் போடுகிறார்! கூரை, சைக்கிள், கை என்று அது ஏறிக்கொண்டே வந்தது, அடுத்தது யார் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் வயிற்றைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் தமிழ்ச் சபையில் வருஷத்துக்கு ஒரு முறை அறுப்பின் பண்டிகை கொண்டாடுவார்கள். வயலே இல்லாத டவுனில் அறுப்பு ஏது என்று கேட்காதீர்கள். வாழைத்தார், அன்னாசி, தேங்காய், கோழி என்று வீட்டுக்கு வீடு கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள், எதற்கான ஸ்தோத்திரக் காணிக்கை என்பதைப் போதகர் உரக்க வாசிப்பார். மகன் பாஸானதற்கு, காய்ச்சல் விட்டதற்கு, வேலை கிடைத்ததற்கு என்று எல்லாமே நடந்து முடிந்த காரியங்களாக இருக்கும். அந்த வருஷம் அப்பா ஒரு செஞ்சேவலைக் கொண்டுபோனார். போதகர் வாசித்தார்: "சகோதரர் ஞானமணி, மனைவியின் சுகப்பிரசவத்துக்காக."

சபை "ஆமென்" என்றது. அப்புறம் ஒவ்வொரு தலையாகப் பெண்கள் பக்கம் திரும்பியது. அங்கே நிறைவயிற்றோடு, ஓலை விசிறியால் விசிறிக்கொண்டு, என் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். போதகரே கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பார்த்தார். "எப்ப பொறந்துச்சு?" என்று கேட்க எட்டி வந்த பின்வரிசை அம்மாள் ஒருவர், வயிற்றைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். காலைக் கட்டிப் போட்டிருந்த சேவல் அந்த அமைதியில் படபடவென்று சிறகை அடித்துக்கொண்டது.

வெளியே வந்ததும் ஆண்களில் சிலர், என்ன விசுவாசம் என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பெண்கள் யாரும் அம்மாவிடம் பேசவில்லை. வீட்டுக்கு நடக்கும் வழியில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "என்னாங்க அவசரம்? கையில வாங்கினதுக்கு அப்புறம் சொன்னா கர்த்தரு வேணாம்னு சொல்லிருவாரா?"

"வந்தப்புறம் யாரு வேணும்னாலும் சொல்லுவாங்க. வரும்னு நம்பி முன்னாலயே சொல்றதுதான் விசுவாசம்," என்றார் அப்பா. அவர் முகத்தில் அன்று அப்படி ஒரு வெளிச்சம். இதுவும் தங்காமல் போய்விடுமோ என்ற பயத்தினால்தான் அவர் அப்படிச் செய்தார் என்பது நான் பிள்ளை பெற்ற பிறகே எனக்குப் புரிந்தது.

பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டிமார் குடும்பம். அந்தக் காலத்துத் தமிழ் வியாபாரிகளின் வம்சம், மலாய்தான் பேச்சு, தமிழ் வராது, ஆனாலும் பூஜையும் பொட்டுமாக இருப்பார்கள். அந்த வீட்டு அம்மாளை நாங்கள் மலாய் வழக்கப்படி "மக்சிக்" என்று கூப்பிடுவோம். செல்வம் வேலியோரம் நின்று சேவல் கதையை அவரிடம் மலாயில் அளந்துவிட்டான். மக்சிக் சிரிக்கவில்லை. "ஜாஙான் சாக்காப் டுலு," முந்திப் பேசாதீங்க, என்று தாழ்ந்த குரலில் சொன்னார், அதைப் போய் அப்பாவிடம் சொல்லச் சொல்வதுபோல என்னைப் பார்த்தார். பேசித்தான் முடிந்துவிட்டதே, ஊர் கேட்க வாசித்துவிட்டார்களே! நான் எதைப் போய்ச் சொல்ல?

அன்றிலிருந்து நான் சோத்திரத்தில் கஞ்சத்தனம் பிடித்தேன். கூட வந்தாலும் கெடுதல் இல்லாத பண்டங்களாகத் தேடித் தேடி நன்றி சொன்னேன்: செருப்பு வார், பென்சில், குளிக்கிற தண்ணீர். குழம்பின் பேரை எடுக்கவே இல்லை, அது அம்மா கை பட்டது என்பதால். சாயங்காலம் தவறாமல் இடி இடித்தது. அம்மாவின் கால் வீங்கி, மிதியடியில் நுழையாமல் வெறுங்காலோடு நடந்தாள். ஒரு நாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டே, "ஏன்டி, என் குழம்பு கசந்து போச்சா? இப்பல்லாம் ஒரு கரண்டி கேக்க மாட்டேங்கிற," என்றாள். நான் ரிப்பனை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினேன். அவள் என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்து ரிப்பனைக் கட்டிவிட்டாள்.

மெர்டேக்காவுக்குச் சில நாள் இருக்கும்போது, காலையில் வலி எடுத்தது. டாக்சி வந்தது, அத்தை கூட ஏறினார், அப்பா முன்னால் உட்கார்ந்தார். "தம்பிய மழையில விடாத, சோறு வடிச்சிரு," என்று அம்மா ஜன்னல் வழியாகச் சொன்னாள். நானும் வடித்தேன்.

அப்பா மத்தியானத்துக்குமேல் நடந்தே வந்தார். தெருவில் தோரணம் கட்டியிருந்தார்கள், மழை தூறிக்கொண்டிருந்தது, குடை அவர் கையில் மடக்கியபடியே இருந்தது. பின்னால் துணிச்சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு அத்தை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூரை போனதற்கும் கை முறிந்ததற்கும் உடனே திறந்த வாய் அது. திறக்கவே இல்லை. மக்சிக் வேலியைச் சுற்றி ஓடிவந்து அத்தையின் கையிலிருந்து குழந்தையை வாங்கினார். பெண் குழந்தை, சுகமாக இருந்தது. அம்மா வரவில்லை.

அம்மாவைப் புதைத்த வாரத்தில் ஊரில் வாணவேடிக்கை விட்டார்கள். வீட்டுக்கு வந்த பெண்கள் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தாள முழுங்கிட்டு வந்திருக்கு," என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அவர்களைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். அப்பா குழந்தையைத் தொடவில்லை, அது அழுதால் எழுந்து வெளியே போய்விடுவார். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் நின்றுபோனது. நாங்கள் கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கோயிலுக்கு வரவில்லை. அவர் வாயை அடைக்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்தவள் நான், இப்போது அந்த அமைதி அவருடைய பழைய ஜெபத்தைவிட எனக்குப் பயமாக இருந்தது.

அத்தைதான் குழந்தைக்குக் கிருபா என்று பேர் வைத்தார், அவர்தான் இடமும் பார்த்தார். சிரம்பானில் பிள்ளை இல்லாத ஒரு நல்ல கிறிஸ்தவக் குடும்பம். "ஆம்பள எத்தன நாளைக்குத் தனியா வளர்ப்பாரு? அடுத்த அறுப்பின் பண்டிகை முடியட்டும், வந்து கூட்டிட்டுப் போவாங்க," என்றார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிருபாமேல் நான் உயிரையே வைத்துவிட்டிருந்தேன். பால் கலக்கியதும் தூங்கவைத்ததும் நான். போகட்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

பண்டிகை வந்தது. அந்தச் சிரம்பான் தம்பதிகள் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், அந்த அம்மாள் கையில் புதுப் பின்னல் சால்வை. போதகர் காணிக்கைகளை வாசித்துக்கொண்டிருக்கும்போது பின்கதவு வழியாக அப்பா வந்தார். நேராகப் பெண்கள் பக்கம் வந்து, என் மடியிலிருந்து கிருபாவைத் தூக்கினார். தூக்கத் தெரியாமல், தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத்தான் தூக்கினார். முன்னால் போய் நின்றார்.

"போன வருஷம் இதே இடத்துல முந்திச் சொல்லிட்டேன். பாதிதான் வந்துச்சு," என்றார். அப்புறம் கிருபாவின் தலையைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். "வராத பாதிக்கு என்னால சொல்ல முடியல. அத கர்த்தருகிட்டயே சொல்லிட்டேன், கோவப்பட்டா கோவப்படட்டும். வந்த பாதிக்குச் சொல்றேன். இவ எங்க வீட்டுப் பிள்ள. யாருக்கும் கொடுக்கல."

சிரம்பான் அம்மாள் எழுந்துபோய் அந்தச் சால்வையைக் கிருபாவின் தோளில் போட்டுவிட்டு, அழுதுகொண்டே தன் இடத்துக்குத் திரும்பினார். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் கண் கலங்கும். வீட்டில் ஜெபம் மறுபடி ஆரம்பித்தது, ஆனால் பழைய மாதிரி இல்லை. சில நாள் அப்பா, "இன்னைக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல, சாப்பிடுங்க," என்று கண்ணைத் திறந்துவிடுவார். அவர் சொன்ன நாள்களில் நான் பயப்படாமல் கேட்டேன்.

இப்போது அந்தப் பலகை வீடு இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். மக்சிக் வீட்டு வேலியும் இல்லை. அறுப்பின் பண்டிகைக்கு யாரும் சேவல் கொண்டுவருவதில்லை, உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அப்பா போய் வெகுகாலமாகிறது, செல்வமும் போய்விட்டான். நானும் கிருபாவும் புக்கிட் பாருவில் ஒரே வீட்டில் இரண்டு கிழவிகளாக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு இருக்கிறோம். வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை, எடுத்ததே இல்லை. பிறந்த நாள் வந்தால் கிருபா தவறாமல் கேட்பாள்: "அக்கா, அம்மா என்னைய மாதிரியா இருந்தாங்க?" "உரிச்சு வச்ச மாதிரி," என்பேன். அம்மாவின் முகம் எனக்கு எப்போதோ மறந்துபோயிற்று. இவள் முகத்தைத்தான் நான் அம்மாவுக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.